மும்முறை வென்று மும்முறை இழந்த நகரம்

பாபர் என்றதும் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்தவர்கள் அனைவருக்கும் நினைவில் எழுவது 1526-ஆம் ஆண்டும், பானிப்பட்டுப் போர்க்களமும், டில்லியில் மொகலாய சாம்ராஜ்யத்துக்கு அஸ்திவாரமிட்ட அந்த ஒரு நாளைய வெற்றியுமேயாம். அந்த வெற்றியை அடைந்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன் முப்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் ஏதேனும் ஓர் ஊருக்கு அரசராகவோ, அல்லது அரசர் என்ற பட்டத்தை மட்டும் சுமந்துகொண்டு ஊரே இல்லாதவராகவோ காலம் கழித்திருந்தார். அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் முதல் பதினெட்டும் ஒரே ஒரு நகரத்தை நாடுவதிலும், பெறுவதிலும், பெற்றதை இழப்பதிலும், இழந்ததை மீண்டும் நாடுவதிலுமே பெரும்பாலும் சென்றன. அந்நகரம் இன்று உஸ்பெகிஸ்தானத்தைச் சேர்ந்த சாமர்க்கண்டு.

1497-இல் அவர் அதைப் பிடித்தார். நூறு நாட்களில் இழந்தார். 1500-இல் மறுபடியும் பிடித்தார். ஓராண்டு நிறைவதற்குள் நள்ளிரவில் வெளியேறினார். 1511-இல் மூன்றாம் முறையாகப் பிடித்தார். எட்டு மாதங்களில் அதுவும் போயிற்று. வீரத்தில் குறைவில்லாத, உற்சாகத்தில் தளர்ச்சி அறியாத, குலப் பெருமையிலும் எவருக்கும் இளைக்காத ஓர் இளவரசர், தம் முன்னோரின் தலைநகரத்துள் மூன்று தடவை வெற்றி வீரராகப் பிரவேசித்தும் ஒரு தடவையேனும் அதில் ஓர் ஆண்டு முழுவதும் அரசு செலுத்த முடியாமற் போனதற்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தால், மூன்று தோல்விகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருந்தமை புலப்படும். சிம்மாசனத்தில் ஏறுவதற்கு வேண்டிய குணங்கள் வேறு, அதில் அமர்ந்திருப்பதற்கு வேண்டிய குணங்கள் வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வாழ்க்கை சரித்திரத்தில் அதிகம் இல்லை. அதிலும், தோற்றவரே தம் தோல்விகளைச் சகதாய் துருக்கி மொழியில் ஒளிவு மறைவின்றி எழுதி வைத்திருப்பது நமக்குக் கிடைத்த பாக்கியம். அக்பர் காலத்தில் அப்துர் ரஹீம் கான்கானான் பாரசீகத்தில் மொழிபெயர்த்த ‘பாபர்நாமா’ என்னும் அந்தச் சுயசரிதமே இக்கதைக்குப் பெரும்பகுதி ஆதாரம்.

எல்லோருக்கும் உரிமையுள்ள அரியணை

மாவீரர் தைமூர் 1405-இல் காலமானபோது, மூத்த மகனுக்கே முடி என்ற நியதி எதுவும் அவர் வம்சத்தில் வேரூன்றி இருக்கவில்லை. இராஜ்யம் குடும்பம் முழுமைக்கும் பொதுச் சொத்தாகக் கருதப்பட்டது. ஆகையால் அக்குடும்பத்தில் பிறந்த ஒவ்வோர் ஆண்மகனும், ‘மிர்ஸா’ என்ற பட்டத்தோடு, ஏதேனும் ஒரு மாகாணத்துக்கு அதிபதியாவதற்கும், சமயம் வாய்த்தால் தன் சகோதரனுடையதையோ சிற்றப்பனுடையதையோ பறித்துக் கொள்வதற்கும் உரிமை பெற்றவனாகவே எண்ணிக்கொண்டான். தைமூரின் பேரரும், சாமர்க்கண்டில் வானசாஸ்திர ஆராய்ச்சிக் கூடம் நிறுவி நட்சத்திரங்களைக் கணக்கிட்ட ஞானியுமான உலுக் பேக், 1449-இல் தம் சொந்தப் புதல்வனின் ஏற்பாட்டினாலேயே கொலையுண்டார். அப்புதல்வனும் ஓராண்டு கழியுமுன் கொல்லப்பட்டான். அத்தகைய வம்சத்தில் உறவு என்பது பாதுகாப்பு ஆகாமல், அபாயத்துக்கு மற்றொரு பெயராகவே ஆகிவிட்டது.

அரசர்களைத் தாங்கி நின்ற ‘பேக்’ என்னும் பிரபுக்களின் நிலையையும் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பிரபுவுக்கும் சொந்தமாகப் பரிவாரம் உண்டு, குதிரைகள் உண்டு, குலத்தார் உண்டு. எந்த மிர்ஸா தங்களுக்கு நிலமும் கொள்ளைப் பொருளும் தருவான் என்று தோன்றுகிறதோ அவன் பக்கம் அவர்கள் நிற்பார்கள். அவன் கை வறண்டால், குதிரைக்குச் சேணமிட்டு அடுத்தவன் பாளையத்துக்குப் போய்விடுவார்கள். இதை அக்காலத்தில் எவரும் பெரிய துரோகமாகக் கருதியதாகத் தெரியவில்லை.

இந்த உலகத்திலேதான் 1483-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 14-ஆம் தேதி பாபர் பிறந்தார். தந்தை உமர் ஷேக் மிர்ஸா தைமூரின் வழித்தோன்றல். தாய் குத்லுக் நிகார் கானும் செங்கிஸ்கானின் வழியில் வந்த யூனுஸ் கானுடைய புதல்வி. தந்தையின் நாடாகிய பர்கானா, மூன்று புறமும் மலைகள் சூழ, மேற்கே குஜந்த் வழியாக மட்டும் திறந்திருக்கும் சிறிய பள்ளத்தாக்கு. அந்திஜான் அதன் தலைநகர். பழத்தோட்டங்களுக்கும் வேட்டைக்கும் பெயர் பெற்ற பூமி. 1494-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அக்ஸி என்ற மலைக்கோட்டையின் விளிம்பில் கட்டியிருந்த புறாக்கூண்டு சரிந்து, அதனோடு உமர் ஷேக்கும் பள்ளத்தில் வீழ்ந்து மாண்டார். பன்னிரண்டாவது வயதில் நடந்துகொண்டிருந்த பாலகர் பாபர் அரசரானார்.

அவர் அரசரான செய்தியோடேயே இரண்டு படையெடுப்புச் செய்திகளும் வந்தன. மேற்கிலிருந்து சாமர்க்கண்டின் அதிபதியான பெரிய தந்தையார் சுல்தான் அஹமத் மிர்ஸாவும், வடக்கிலிருந்து தாஷ்கண்டின் அதிபதியான தாய்மாமன் மஹ்மூத் கானும், தகப்பனை இழந்த பிள்ளையின் நாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளப் புறப்பட்டு வந்தனர். பெரியப்பாவின் படையில் குதிரைகளுக்குக் கொள்ளைநோய் கண்டதாலும், சதுப்பு நிறைந்த ஓர் ஆற்றைக் கடக்கையில் பாலத்து நெரிசலில் குதிரைகளும் ஒட்டகங்களும் வீழ்ந்து மடிந்ததாலும், அவர் சமாதானம் பேசித் திரும்பினார். திரும்பும் வழியிலேயே காலமானார். மாமனும் கோட்டையைப் பிடிக்க இயலாமல் ஊர் போய்ச் சேர்ந்தார். உள்ளே எழுந்த சதிகளைத் தாயின் தாயாராகிய ஈசான் தௌலத் பேகம் அடக்கினார். ஆலோசனை கூறுவதிலும் காரியத்தைத் திட்டமிடுவதிலும் அவருக்கு நிகரான பெண்மணிகள் மிகச் சிலரே என்று பேரன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

நூறு நாள் அரசு

பெரியப்பா இறந்தபின் சாமர்க்கண்டு அவர் தம்பி மஹ்மூத் மிர்ஸாவிடம் போயிற்று. அவரும் 1495-இன் தொடக்கத்தில் இறக்கவே, அவருடைய பிள்ளைகளுக்குள் போட்டி மூண்டது. பாபருக்கு அண்ணன் முறையினரான பைசங்கர் மிர்ஸா நகரத்தை வைத்துக்கொண்டிருக்க, பைசங்கரின் தம்பி சுல்தான் அலி மிர்ஸா புகாராவில் இருந்துகொண்டு அதை விரும்பினார். பர்கானாவின் சிறு அரசரும் இப்போது தம் உரிமையைக் கேட்டுப் புறப்பட்டார். 1496-ஆம் ஆண்டு முற்றுகை குளிர்காலம் வந்ததால் பலிக்கவில்லை. மறு ஆண்டு ஏழு மாத காலம் விடாப்பிடியாக முற்றுகையிட்டார். பைசங்கர், வடக்குப் புல்வெளிகளிலிருந்து உஸ்பெக்கியத் தலைவனான ஷைபானி கானைத் துணைக்கு அழைத்தார்; அவனோ வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் திரும்பிப் போய்விட்டான். அவன் அன்று நகரத்தைப் பார்த்துவிட்டுப் போனது பிற்காலத்தில் பெரும் விபரீதத்துக்கு வித்தாயிற்று. 1497 நவம்பரில் பைசங்கர் சில நூறு பேருடன் நகரை விட்டு ஓட, பதினான்கு வயதுப் பிள்ளையான பாபர் தைமூரின் தலைநகரத்துள் பிரவேசித்தார்.

நகரத்தின் மதிலை ஆள் விட்டு நடக்கச் சொல்லி அளந்ததில் சுற்றளவு 10,600 அடிவைப்பு வந்தது என்றும், தோட்டங்கள் இன்னின்ன, மதரஸாக்கள் இன்னின்ன, ரொட்டிக் கடைகளும் காகிதத் தொழிலும் இப்படிப்பட்டவை என்றும் அவர் ஆசையோடு எழுதியிருப்பதைப் படித்தால், அவர் மனம் அந்நகரத்தில் எவ்வளவு லயித்திருந்தது என்பது தெரியும். ஆனால் ஏழு மாத முற்றுகைக்கு உள்ளான நகரத்தில் விதை நெல்லுக்கும் வழியில்லை. குடிகளுக்கு அரசாங்கமே விதையும் முன்பணமும் கொடுத்தாலன்றி உழவு நடக்காது என்ற நிலை. அப்படிப்பட்டவர்களிடமிருந்து வரி எவ்வாறு வாங்குவது? வரி இல்லையென்றால், கொள்ளைக்கு ஆசைப்பட்டு வந்த படைவீரர்களுக்கு எதைக் கொடுப்பது? கையில் கொண்டுவந்ததைச் செலவழித்துவிட்ட வீரர்கள், முதலில் ஒருவர் இருவராகவும், பின்பு கூட்டங் கூட்டமாகவும் அந்திஜானுக்குத் திரும்பத் தொடங்கினர். திரும்பிய பிரபுக்களில் ஊஸுன் ஹசன், தம்பல் என்னும் இருவர், சாமர்க்கண்டு கிடைத்துவிட்டபடியால் அந்திஜானை மாற்றாந்தாய் மகனாகிய தம்பி ஜஹாங்கீருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டு, மறுக்கப்பட்டதும் ஊரையே முற்றுகையிட்டனர்.

அன்னையும் பாட்டியும் ஆசிரியரும் உதவி கேட்டு ஓலைமேல் ஓலை அனுப்பிய அந்த வேளையில் பாபர் கடும் நோயில் படுத்தார். நான்கு நாட்கள் பேச்சு இல்லை. பஞ்சில் நனைத்து நாவில் தண்ணீர் விட்டனர். அந்நிலையில் அவரைக் கண்டு சென்ற எதிரியின் தூதன் அந்திஜானில் போய்ச் சொல்ல, அரசர் பிழைக்கமாட்டார் என்று நம்பிக் கோட்டைக் காவலர் சரணடைந்தனர். அதை அறியாமல், உடல் சற்றுத் தேறியதும் சாமர்க்கண்டை விட்டுப் புறப்பட்ட பாபர், குஜந்தை அடைந்தபோதுதான், தாம் காப்பாற்ற வந்த ஊர் ஏற்கெனவே கைநழுவிவிட்டது என்றும், தம் குருவான க்வாஜா காஜியைக் கோட்டை வாயிலில் தூக்கிலிட்டுவிட்டார்கள் என்றும் கேள்வியுற்றார். விட்டு வந்த சாமர்க்கண்டிலோ சுல்தான் அலி நுழைந்துவிட்டார். இரண்டு இராஜ்யங்களும் ஒரே சமயத்தில் போக, எஞ்சியவர்கள் இருநூறுக்கு மேல் முந்நூறுக்கு உட்பட்டவர்களே. தாம் அடக்க முடியாமல் அழுததாக அவரே எழுதியிருக்கிறார்.

முதல் தோல்வியின் பாடம் இது: வென்ற நகரம் வென்றவனுக்குச் சோறு போடும் நிலையில் இல்லாவிட்டால் அந்த வெற்றி நிற்காது. இந்தப் பாடத்தின் மற்றொரு பாதியை 1499-இல் கற்றார். அவ்வாண்டு மர்கிலான் கோட்டையின் அதிகாரி அழைத்ததன் பேரில் விரைந்து சென்று அந்திஜானை மீட்டுக்கொண்ட அவர், தம் பக்கம் வந்து சேர்ந்த மங்கோலிய வீரர்கள் முன்பு குடிகளிடம் கொள்ளையடித்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். நியாயமான ஆணைதான், ஆனால் கையில் ஆயுதத்தோடு அருகிலேயே பகைவன் இருக்கும் வேளையில், யோசியாமல் இட்ட ஆணை. ஆயிரக்கணக்கான வீரர்கள் மறுகணம் தம்பலிடம் போய்ச் சேர்ந்தனர். அரசியலில் வெளித்தோற்றத்துக்கு நியாயமாகத் தோன்றும் காரியங்களையும் பல கோணங்களில் ஆராய்ந்தே செய்ய வேண்டும் என்று இதைக் குறித்துப் பிற்காலத்தில் அவர் தம்மையே கண்டித்துக்கொள்கிறார். முடிவில் 1500-இல் பர்கானாவைத் தம்பியோடு பாகம் செய்துகொண்டு சமாதானமாக வேண்டியதாயிற்று.

இருநூற்று நாற்பது பேர்

இதற்குள் ஷைபானி கான் மறுபடியும் வந்துவிட்டான். செங்கிஸ்கானின் மூத்த புதல்வனான ஜூச்சியின் வழியில் வந்தவன். ஐம்பது வயதை எட்டியவன். தைமூர் வம்சத்துச் சகோதரர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவதைப் பொறுமையோடு பார்த்திருந்தவன். சுல்தான் அலியின் தாயார், ஷைபானி தம்மை மணந்துகொள்வானாகில் மகனைக் கொண்டு நகரத்தை ஒப்படைப்பதாகச் செய்தி அனுப்பினார். மகன் நகருக்கு வெளியே வந்து கானைச் சந்தித்தார். சில நாட்களில் கொல்லப்பட்டார். தாயாருக்கு அங்கே மதிப்பும் கிடைக்கவில்லை.

அப்போது பாபருக்கு வயது பதினேழு. கையிலிருந்தவர்கள் 240 பேர். ஷைபானியோ மூவாயிரம் நாலாயிரம் பேருடன் நகருக்கு வெளியே பாளையம் இறங்கியிருந்தான். உள்ளே ஐந்நூறு அறுநூறு பேர் காவல் இருந்தனர். இந்தக் கணக்கைப் பார்த்த எவரும் திரும்பிப் போயிருப்பார்கள். பாபரோ, குடிகள் உஸ்பெக்கியரை வெறுக்கிறார்கள், தம்மைக் கண்டால் எழுவார்கள், எழாவிட்டாலும் எதிர்க்கமாட்டார்கள் என்று கணித்து, ஓர் இரவில் எழுபது எண்பது பேரை ஏணிகளோடு ‘காதலர் குகை’ என்ற இடத்துக்கு எதிரே மதில் ஏறச் செய்தார். அவர்கள் உள்ளிருந்து பூட்டை உடைத்து நீலவர்ண வாயிலைத் திறந்துவிட, பாபர் குதிரையோடு நுழைந்தார். நகரம் உறங்கிக்கொண்டிருந்தது, கடைக்காரர் சிலர் எட்டிப் பார்த்து, வந்தவர் யார் என்று அறிந்ததும் ஆண்டவனைத் துதித்தனர். விடிவதற்குள் செய்தி பரவ, குடிகள் கல்லும் கழியுமாகத் தெருவுக்கு வந்தனர். அதிகாலையில் வாயிலருகே வந்த ஷைபானி, காரியம் மிஞ்சிவிட்டதைக் கண்டு திரும்பிச் சென்றான். கிட்டத்தட்ட நூற்று நாற்பது ஆண்டுகளாகத் தம் குலத்தின் தலைநகராக இருந்த ஊரை அந்நியனிடமிருந்து மீட்டதில் பாபருக்கு இருந்த பெருமிதம் அவருடைய எழுத்தில் ததும்புகிறது.

பிடித்தவருக்கு வயது பதினேழு என்பது பிடித்தபோது அனுகூலமாயிற்று. காப்பதில் அதுவே பிரதிகூலமாயிற்று. 1501-ஆம் ஆண்டு வசந்தத்தில் ஷைபானி மீண்டும் வந்தபோது, பாபர் சர்-இ-புல் என்னுமிடத்தில் அகழியும் வேலியுமாகப் பாளையத்தை அரண் செய்துகொண்டிருந்தார். ஆயிரம் இரண்டாயிரம் பேரோடு ஒரு துணைவர் இரண்டு நாள் வழித்தூரத்தில் வந்துகொண்டிருந்தார். தாய்மாமன் அனுப்பிய மற்றொரு படை அதைவிடச் சமீபத்தில் வந்திருந்தது. இரண்டொரு நாள் காத்திருந்தால் போதும். ஆனால் சோதிடர், எட்டு நட்சத்திரங்கள் அன்று இரு சேனைகளுக்கும் இடையில் நிற்கின்றன என்றும், அந்நாள் கழிந்தால் பகைவனுக்குப் பின்னால் போய்ப் பல நாட்களுக்குச் சாதகம் இராது என்றும் சொன்னதைக் கேட்டு, பாபர் அன்றே போரைத் தொடங்கிவிட்டார். உஸ்பெக்கியர் தங்கள் வழக்கப்படி இரு விலாப்புறமும் வளைந்து வந்து பின்னாலிருந்து தாக்கினார்கள்; பாபரின் பக்கத்து மங்கோலிய வீரர்கள், எதிரியை விட்டுவிட்டுத் தங்கள் சொந்தப் பாளையத்தையே சூறையாடத் தொடங்கினார்கள். பாபர் கவசத்தோடும் குதிரையோடும் ஆற்றில் இறங்கி நீந்திக் கரையேறி, பத்துப் பதினைந்து பேருடன் நகர் சேர்ந்தார்.

பின்பு நடந்தது நீண்ட முற்றுகை. ஏழைகள் நாயிறைச்சியும் கழுதையிறைச்சியும் உண்ணும்படி ஆயிற்று. குதிரைகளுக்குத் தீனி இல்லாமல் முசுக்கட்டை இலையைப் போட்டார்கள். அதுவும் தீர்ந்தபின், மரத்தைச் சீவி அச்சீவலை நீரில் ஊறவைத்துக் கொடுத்தார்கள். பெரியப்பா மாமன் உறவுள்ள மன்னர் பலருக்கும் தூது விட்டும் ஒருவரும் வரவில்லை. முடிவில் ஒரு நள்ளிரவில் தாயாரை அழைத்துக்கொண்டு பாபர் நகரை விட்டு வெளியேறினார். மூத்த சகோதரி கான்ஸாதா பேகம் ஷைபானியின் கையில் சிக்கினார் என்று மட்டும் பாபர் எழுதுகிறார். அவர் கானுக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டதே பாபர் உயிரோடு வெளியேறுவதற்குக் கிடைத்த விலை என்று மற்ற வரலாறுகள் கூறுகின்றன. தம்பியின் சிம்மாசன ஆசைக்குத் தமக்கை செலுத்திய அந்த விலையைப் பற்றி அவர் சுருங்கக் கூறி நகர்ந்துவிடுவதே, அது அவர் நெஞ்சை எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதைக் காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் வந்த மூன்று ஆண்டுகள் அலைச்சலின் ஆண்டுகள். டிக்கட் என்னும் மலைக்கிராமத்தில் ஊர்த்தலைவன் வீட்டில் தங்கி, வெறுங்காலோடு மலைகளில் நடந்து நடந்து, கல்லும் பாறையும் உறைக்காத அளவுக்குப் பாதங்கள் மரத்துப் போயின. அவ்வீட்டிலிருந்த 111 வயதுக் கிழவி, தைமூரின் ஹிந்துஸ்தானப் படையெடுப்பில் தம் உறவினர் ஒருவர் சென்ற கதையைச் சொல்வாள். நாடற்ற இளவரசர் உட்கார்ந்து கேட்பார். தாஷ்கண்டில் மாமன் வீட்டிலே, கொடுக்க ஒன்றுமில்லாத வறுமையில், சீன தேசத்துக்குப் போய்விடலாமா என்றுகூட எண்ணினார். 1503-இல் ஷைபானி அம்மாமனையும் முறியடித்தான். பர்கானாவும் உஸ்பெக்கியருக்கு ஆயிற்று.

இரவல் சேனை

1504-ஆம் ஆண்டு கோடையில் பாபர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். உடன் வந்தோர் முந்நூறுக்கும் குறைவு, பெரும்பாலோர் கால்நடை, கையில் கழி, காலில் முரட்டுத் தோற்செருப்பு, கூடாரங்கள் இரண்டே, அதில் தமக்குரியதைத் தாயாருக்குக் கொடுத்துவிட்டார். வழியில் ஷைபானிக்கு அஞ்சிய பிரபுக்களும் அவர்களுடைய ஆட்களும் வந்து சேர, சேனை பெருகிற்று. காபூலில் இவருடைய சிற்றப்பன் இறந்தபின் அர்கூன் வம்சத்து முகீம் என்பவன் புகுந்திருந்தான். அக்டோபரில் பெரும் போர் இன்றியே ஊர் பாபர் வசமாயிற்று. ஹீராத் நகரமும் 1507-இல் ஷைபானியிடம் வீழ்ந்தபின், தைமூரின் வம்சத்தில் நிலமும் கொடியும் உள்ள அரசர் பாபர் ஒருவரே எஞ்சினார் எனலாம். அவ்வாண்டில் மிர்ஸா என்ற பட்டத்தை விட்டுப் ‘பாதுஷா’ என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டார்.

காபூலில் அமைதியாக இருந்துவிட அவரால் முடியவில்லை. 1510 டிசம்பரில் பாரசீக மன்னர் ஷா இஸ்மாயில், மெர்வ் நகரத்தின் அருகே ஷைபானியைப் போரில் கொன்றார். அவன் மண்டையோட்டுக்குப் பொன்முலாம் இட்டு மதுக்கிண்ணமாக்கிக்கொண்டார். கான்ஸாதா பேகத்தை மரியாதையோடு தம்பியிடம் அனுப்பி வைத்தார். பத்தாண்டுகளுக்குப் பின் குண்டூஸில் தம்பி எதிரே வந்து நின்றபோது தமக்கைக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

ஷாவின் துணையோடு 1511 அக்டோபரில் பாபர் சாமர்க்கண்டில் மூன்றாம் முறை நுழைந்தார். வீதிகளில் பட்டுத் துணிகளைத் தொங்கவிட்டுக் குடிகள் வரவேற்றனர். பாபர்நாமாவில் இந்த ஆண்டுகளுக்குரிய பகுதி இல்லாமையால், அவருடைய சிற்றன்னை மகனான ஹைதர் மிர்ஸா எழுதிய ‘தாரிகே ரஷீதி’யே நமக்கு இங்கே பெருந்துணை. குடிகளின் மகிழ்ச்சியில் ஒரு நிபந்தனை மறைந்திருந்தது. ஷா இஸ்மாயில் ஷியா மார்க்கத்தைத் தம் நாட்டில் வாள்கொண்டு நிலைநாட்டியவர். சாமர்க்கண்டு சுன்னி மார்க்கத்தில் ஊறிய நகரம். உதவிக்குப் பிரதியாகப் பாபர் அந்தப் பாரசீக வீரர்களின் உடையையும் தலையணியையும் அணிந்தார். ஷாவின் மார்க்கத்துக்குரிய அடையாளங்களை நாணயத்திலும் ஏற்றுக்கொண்டார். சொந்த நகரத்துக்குள் வந்ததும் அந்த உடையைக் களைந்துவிடுவார் என்று குடிகள் எதிர்பார்த்தனர். ஆனால் உஸ்பெக்கியர் வடக்கே பதுங்கியிருக்க, பாரசீகத்தின் பலமின்றித் தனியே அவர்களை எதிர்க்க இயலாது என்று எண்ணிய பாபர் களையவில்லை. மதில் ஏறி வந்த பதினேழு வயதுப் பிள்ளைக்காகக் கல்லெடுத்த அதே குடிகள், முழுப் பரிவாரத்தோடு வந்த இருபத்தெட்டு வயதுப் பாதுஷாவிடம் மனம் விட்டுப் போயினர்.

1512 வசந்தத்தில் ஷைபானியின் தம்பி மகனான உபைதுல்லா கான், தன்னினும் பெரிய சேனையோடு வந்த பாபரைக் குல்-இ-மாலிக் என்னுமிடத்தில் தோற்கடித்தான். நகரம் போயிற்று. ஷா அனுப்பிய பெரும்படையோடு வந்த நஜ்ம் ஸானி என்ற தளபதி, பாபர் வேண்டிக்கொண்டும் கேளாமல் கர்ஷி நகரத்து மக்களை வயது பேதமின்றிக் கொன்று குவித்தார். அந்தக் கொலைகளுக்குப் பின் அந்நாட்டில் பாரசீகரோடு சேர்ந்தவருக்கு எவர் ஆதரவு தருவர்? அவ்வாண்டு நவம்பரில் கிஜ்துவான் போரில் நஜ்ம் ஸானி மாண்டார்; பாபர் பின்வாங்கினார். வழியில் அவருடைய மங்கோலிய வீரர்களே இரவில் பாளையத்தைத் தாக்க, உடுத்த உடையோடு தப்பினார். காபூலை அதுகாறும் காத்துவந்த தம்பி நாஸிர் மிர்ஸா, அவ்வம்சத்தில் அரிதான விசுவாசத்தோடு, அதைத் தமையனிடம் திருப்பிக் கொடுத்தார்.

தோல்விகள் கற்பித்தவை

மூன்று தோல்விகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், முதலாவதில் பொருள் இல்லை, இரண்டாவதில் பொறுமை இல்லை, மூன்றாவதில் குடிகளின் மனம் இல்லை என்பது விளங்கும். 1526-இல் ஹிந்துஸ்தானத்தில் நடந்துகொண்ட முறையைக் கவனித்தால், இவற்றில் எதையும் பாபர் மறந்துவிடவில்லை என்பதும் விளங்கும்.

ஏப்ரல் 12-ஆம் தேதி பானிப்பட்டை அடைந்தவர், ஒரு வாரத்துக்கு மேல் வண்டிகளைத் தோல்வாரால் பிணைத்தும், அகழி வெட்டியும், வேலி நட்டும், உஸ்தாத் அலி குலியின் பீரங்கிகளை அமைத்தும் காத்திருந்தார். நட்சத்திரம் பார்த்துப் பாயவில்லை. இப்ராஹீம் லோடியின் படை இலட்சம் பேர், ஆயிரம் யானைகள் என்று அவர் மதிப்பிட்டார். தம்முடையது வேலையாட்களையும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம். எதிரியே முன்வந்து மோதியபோது, சர்-இ-புல்லில் தம்மைக் கெடுத்த அந்த விலாப்புற வளைப்பையே தம் படையைக் கொண்டு செய்வித்து வெற்றி கண்டார். ஆக்ராவின் கருவூலம் கைக்கு வந்ததும், அதை வைத்துப் பூட்டாமல், மகனுக்கும் பிரபுக்களுக்கும் வீரர்களுக்கும் அவரவர் தகுதிக்கேற்ப வாரி வழங்கியதோடு, சாமர்க்கண்டிலும் குராசானிலும் உள்ள உறவினருக்கும் பரிசு அனுப்பினார். காபூலில் ஆண் பெண் குழந்தை அனைவருக்கும் தலைக்கு ஒரு வெள்ளி நாணயம் சென்றது. கோடை வெப்பம் தாங்காமல் பிரபுக்கள் ஊர் திரும்ப வேண்டும் என்று முணுமுணுத்தபோது, சபை கூட்டி, இத்தனை ஆண்டுப் பிரயாசையால் கிடைத்த நாட்டை விட்டுவிட்டுக் காபூலின் வறுமைக்கு மீள்வதா என்று கேட்டார். போக விரும்புகிறவர் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். நூறு நாட்களில் சாமர்க்கண்டை விட்டுப் புறப்பட்ட அதே மனிதர், இம்முறை அசையவில்லை. இந்த வெற்றிக்காக எந்த ஷாவின் தலையணியையும் அவர் தரிக்க வேண்டியிருக்கவுமில்லை.

இவ்வளவு கற்றவர் கற்காமல் விட்டது ஒன்று உண்டு. அரசு என்பது குடும்பத்துப் பொதுச் சொத்து என்ற முன்னோர் கொள்கையை அவர் கடைசிவரை கைவிடவில்லை. 1528-இல் மூத்த மகன் ஹுமாயூனுக்கு எழுதிய கடிதத்தில், ஆறு பங்கு உனக்கு, ஐந்து பங்கு காம்ரானுக்கு என்ற பழைய விதியை நினைவூட்டி, தம்பியோடு இணங்கிப் போகும்படி புத்தி சொன்னதோடு, ஹிஸார் அல்லது சாமர்க்கண்டின் மேல் படையெடுக்கும்படியும் ஏவினார். 1530-இல் பாபர் காலமான பின், அப்பங்கீட்டின் பலனாகத் தம்பியரால் கைவிடப்பட்ட ஹுமாயூன், 1540-இல் சிம்மாசனத்தை ஷேர்ஷாவிடம் இழந்து, பாரசீகத்தில் அடைக்கலம் புகுந்து, 1555-இல்தான் அதை மீட்டார். கொள்ளுப்பேரன் ஜஹாங்கீரின் மகனான ஷாஜஹான் 1646-இல் முன்னோர் பூமியை நாடிப் பால்க் நகருக்குச் சேனை அனுப்பி, ஏராளமான பொருளை அழித்து, மறு ஆண்டே சேனையைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அதற்கப்பால் இருந்த சாமர்க்கண்டை அச்சேனை எட்டவே இல்லை. அவருடைய நான்கு புதல்வர்களும் 1657-58-இல் தந்தை உயிரோடு இருக்கும்போதே முடிக்காகப் போரிட்டது, அந்திஜானிலும் சாமர்க்கண்டிலும் தொடங்கிய அதே கதையின் தொடர்ச்சியே.

சிம்மாசனத்தை எப்படிக் காப்பது என்பதைப் பாபர் மூன்று முறை இழந்து கற்றுக்கொண்டார்; அந்த வித்தை அவரோடு பிறந்து அவரோடு மறைந்த தனிமனிதத் திறமையாகவே நின்றுவிட்டது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு இரத்தம் சிந்தாமல் முடி மாறுவதற்கு ஒரு விதியை வகுக்க அவருக்கும் தோன்றவில்லை, அவருக்குப் பின் வந்த வல்லவர்களுக்கும் தோன்றவில்லை. ஆகவே, அவர் பட்ட பாட்டை அவருடைய சந்ததியில் ஒவ்வொருவரும் முதலிலிருந்து பட வேண்டியதாயிற்று.